எலக்ட்ரிக்கல் கணக்குகளை எக்செல்லில் போடும் முறை: ஒரே மோட்டார் சர்க்யூட்டை வைத்து முழு விளக்கம்

லோடு கரன்ட், பிரேக்கர் ரேட்டிங், கேபிள் சைஸ், வோல்டேஜ் டிராப், எர்த் லூப் (பழுதுக் கரன்ட் எர்த் ஒயர் வழியாகத் திரும்பும் பாதையின் ரெசிஸ்டன்ஸ்), கண்டியூட் ஃபில் (குழாயில் ஒயர் எவ்வளவு நிரம்புகிறது). எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் திரும்பத் திரும்பப் போடும் கணக்குகள் பெரும்பாலும் இவ்வளவுதான். ஒவ்வொன்றும் இரண்டு வரி ஃபார்முலா. ஆனாலும் ஷீட் போட்டுக் கொடுத்த கேபிளைச் சைட்டில் மாற்ற வேண்டி வருகிறது. பெருக்கல், வகுத்தலில் கணினி தவறுவதில்லை. எந்த டேபிளை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததில்தான் கோளாறு இருக்கும். அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை ஒரு மோட்டார் சர்க்யூட்டை முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

எந்தச் சாஃப்ட்வேர் எதற்கு

மொபைல் ஆப் சைட்டில் நின்றபடி ஒரு எண்ணைச் சரிபார்க்க உதவும், ஆவணமாக வைக்க உதவாது. உள்ளே எந்த டேபிள், எந்த வெப்பநிலை என்று பல ஆப்கள் காட்டுவதே இல்லை. அமெரிக்க முறைக்கு எழுதிய ஆப் என்றால் நீளத்தை அடியிலும் ஒயர் சைஸை கேஜ் எண்ணிலும் கேட்கும். அதில் மீட்டர் கணக்கைப் போட்டால் டிராப் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரியும்.

டயலக்ஸ் லைட்டிங் டிசைனுக்கானது. ஷ்னைடரின் எக்கோடயல், சீமென்ஸின் சிமாரிஸ் ஆகியவை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி சர்க்யூட் வரை கேபிளையும் பிரேக்கரையும் சேர்த்துப் பார்க்கும். ஆனால் அவை தங்கள் கம்பெனி பிரேக்கரின் வளைவை (எவ்வளவு கரன்ட்டில் எவ்வளவு நேரத்தில் டிரிப் ஆகும் என்ற வரைபடம்) வைத்தே முடிவு சொல்கின்றன. வாங்கும் பிரேக்கர் வேறு கம்பெனியுடையது என்றால் எர்த் ஃபால்ட், செலக்டிவிட்டி (பழுதுக்கு அருகில் உள்ள பிரேக்கர் மட்டும் டிரிப் ஆவது) முடிவுகளை மறுபடி பார்க்க வேண்டும். லோடு ஃப்ளோ, ஷார்ட் சர்க்யூட், ஆர்க் ஃப்ளாஷ் என்று போனால் ஈடாப் மாதிரியான பெரிய பேக்கேஜ் வேண்டும்.

அன்றாட வேலைக்கு எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றில் ஏதாவது ஒன்று போதும். ஒவ்வொரு செல்லிலும் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியும் என்பதே இதன் பெரிய வசதி.

முதலில் உள்ளீடு

ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு வரிசை. இடப்பக்கம் நாம் கையால் நிரப்பும் செல்கள்: வாட், வோல்டேஜ், ஃபேஸ், பவர் ஃபேக்டர், எஃபிஷியன்சி, ஒருவழி நீளம், கேபிள் போடும் முறை, இன்சுலேஷன் வகை, சுற்றுப்புற வெப்பநிலை, கூடவே ஓடும் சர்க்யூட்களின் எண்ணிக்கை, பிரேக்கர் வகை. இவற்றுக்கு ஒரு நிறம் கொடுங்கள். ஃபார்முலா உள்ள செல்களுக்கு வேறு நிறம் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். அவசரத்தில் யாராவது ஃபார்முலாவின் மேல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால், அடுத்த சைட்டுக்கும் அதே எண் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

யூனிட்டை எண்ணோடு சேர்த்து எழுதாமல் தலைப்பில் எழுதுங்கள். "15 கிலோவாட்" என்று ஒரே செல்லில் தட்டினால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு நின்றுவிடும். அப்படி நின்றால்கூட நல்லதுதான், பிழை கண்ணில் படும். கிலோவாட் போட வேண்டிய இடத்தில் குதிரைத்திறனைப் போட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. 1 குதிரைத்திறன் என்பது 0.746 கிலோவாட். ஆகவே யூனிட்டைத் தேர்வுசெய்ய ஒரு டிராப்டவுன் வைப்பது நல்லது.

டேபிள்களுக்குத் தனி ஷீட் ஒதுக்குங்கள்: கரன்ட் தாங்கும் திறன், வெப்பநிலைத் திருத்தம், குரூப்பிங் திருத்தம், மில்லிவோல்ட் டேபிள். எந்த ஸ்டாண்டர்டின் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வையுங்கள். ஐஇசி (சர்வதேச ஸ்டாண்டர்டு) டேபிளில் பாதி, என்இசி (அமெரிக்க விதி) டேபிளில் பாதி என்று கலக்கவே கூடாது. இரண்டும் வெவ்வேறு வெப்பநிலை அனுமானங்களில் நிற்பவை.

லோடு கரன்ட்

நம் எடுத்துக்காட்டு: 15 கிலோவாட் மூன்று ஃபேஸ் மோட்டார், 400 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.90, போர்டிலிருந்து 85 மீட்டர்.

மூன்று ஃபேஸ் கரன்ட் = வாட் ÷ (1.732 × வோல்ட் × பவர் ஃபேக்டர் × எஃபிஷியன்சி)

15,000 ÷ (1.732 × 400 × 0.85 × 0.90) = 28.3 ஆம்ப். சிங்கிள் ஃபேஸ் என்றால் 1.732-ஐ எடுத்துவிட்டு 230 வோல்ட் போட வேண்டும். மோட்டார் பிளேட்டில் உள்ள கிலோவாட் என்பது ஷாஃப்டில் கிடைக்கும் சக்தி. எஃபிஷியன்சியை விட்டுவிட்டால் இதே மோட்டாருக்கு 25.5 ஆம்ப்தான் வரும். ஹீட்டர், விளக்கு போன்றவற்றுக்கு எஃபிஷியன்சி 1 என்று போட்டால் ஒரே ஃபார்முலா எல்லாவற்றுக்கும் ஓடும். பிளேட்டிலேயே கரன்ட் போட்டிருந்தால் அதுவே முன்னுரிமை. கணக்கு வெறும் சரிபார்ப்பு.

கேபிள் சைஸ்: ஷீட் தவறும் இடம்

பிரேக்கர் 32 ஆம்ப் என்று எடுத்துக்கொள்வோம். லோடு கரன்ட் பிரேக்கர் ரேட்டிங்கைத் தாண்டக் கூடாது, பிரேக்கர் ரேட்டிங் கேபிளின் திருத்திய திறனைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் தனித்தனி செல் வைத்து "சரி", "தவறு" என்று காட்டச் செய்யுங்கள்.

கேபிள் பிவிசி காப்பர், கண்டியூட்டில் போகிறது. சுற்றுப்புறம் 40 டிகிரி. அதே கண்டியூட்டில் இன்னும் 2 சர்க்யூட், ஆக மொத்தம் 3. மண்ணில் புதைக்காத கேபிளுக்கான ஐஇசி டேபிள்கள் 30 டிகிரியை அடிப்படையாகக் கொண்டவை. பிவிசிக்கு 35 டிகிரியில் 0.94, 40-ல் 0.87, 45-ல் 0.79, 50-ல் 0.71. சேர்த்துக் கட்டிய சர்க்யூட்களுக்கு 2 என்றால் 0.80, 3 என்றால் 0.70, 4 என்றால் 0.65, 6 என்றால் 0.57. குரூப்பிங்கில் சர்க்யூட்டை எண்ண வேண்டும், ஒயரை அல்ல.

தேவைப்படும் டேபிள் திறன் = 32 ÷ (0.87 × 0.70) = 52.5 ஆம்ப்.

கண்டியூட்டில் போகும் மூன்று லோடு கண்டக்டர்களுக்கு ஐஇசி 60364 டேபிள் தரும் திறன்: 1.5 ச.மிமீ 15.5, 2.5-க்கு 21, 4-க்கு 28, 6-க்கு 36, 10-க்கு 50, 16-க்கு 68, 25-க்கு 89 ஆம்ப். கண்ணால் பார்த்தால் 16 ச.மிமீ என்று உடனே சொல்லிவிடுவோம். ஷீட்டில் விலுக்அப் (VLOOKUP, டேபிளில் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) போட்டு, கடைசி உள்ளீட்டை நிரப்பாமல் விட்டால் அது 10 ச.மிமீ என்று சொல்லும். காரணம் எளிது: அந்த நிலையில் விலுக்அப் தேடும் எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய எண்ணில் நின்றுவிடும். 52.5-ஐத் தாண்டாதது 50. பிழைச் செய்தி எதுவும் வராது, ஒரு சைஸ் சிறிய கேபிள் பட்டியலில் ஏறிவிடும். ஊர் ஊராகச் சுற்றும் இலவச ஷீட்களில் முதலில் திறந்து பார்க்க வேண்டிய செல் இதுதான்.

சரிசெய்ய இரண்டு வழிகள். எக்ஸ்லுக்அப் இருந்தால் அதன் பொருத்த வகையில் 1 கொடுங்கள். சரியான எண் இல்லாவிட்டால் அடுத்த பெரிய எண்ணை எடுக்கும். எக்செல் 2021, கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் 24.8 முதல் இது உண்டு. பழைய பதிப்பு என்றால் கவுண்ட்இஃப் வைத்து, தேவைக்குக் குறைவான எண்கள் டேபிளில் எத்தனை என்று எண்ணி 1 கூட்டுங்கள். நம் கணக்கில் 52.5-க்குக் கீழே 5 எண்கள், 1 கூட்டினால் 6. ஆறாவது வரிசையை இன்டெக்ஸ் எடுத்துத் தரும்: 16 ச.மிமீ. டேபிள் ஏறுவரிசையில் இருந்தால் போதும்.

வெப்பநிலை டேபிளிலும் இதே பொறி உண்டு. 42 டிகிரி என்று போட்டால் விலுக்அப் 40-க்கான 0.87-ஐ எடுத்துக்கொள்ளும், உண்மையில் 45-க்கான 0.79-தான் பாதுகாப்பானது. அடுத்த பெரிய எண் என்ற விதியே இங்கும் பொருந்தும்.

இன்னொரு கேள்வியை நல்ல பேக்கேஜ்கள் கேட்கும், வீட்டில் செய்த ஷீட்கள் கேட்காது: ஓவர்லோடு பாதுகாப்பு யார் தருகிறார்? மேலே 32 ஆம்ப் பிரேக்கரை வைத்து வகுத்தோம். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே 28.3 ஆம்பில் செட் ஆகியிருந்தால் அந்த எண்ணை வைத்தே வகுக்கலாம். 28.3 ÷ (0.87 × 0.70) = 46.5. இப்போது 10 ச.மிமீ தேறிவிடுகிறது. இரண்டு பேர் ஒரே சர்க்யூட்டுக்கு இரண்டு சைஸ் சொல்வதற்கு இது வழக்கமான காரணம். ஆகவே "வகுக்கும் கரன்ட்" என்று தனி செல் வைத்து, பிரேக்கரா ரிலேயா என்று எழுதுங்கள். 10-ஆ 16-ஆ என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டாம், இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி.

கேபிள் போகும் வழி முழுக்க ஒரே நிலைமை இருக்காது என்பதையும் மறக்காதீர்கள். 80 மீட்டர் திறந்த டிரேயில் போய், கடைசி 5 மீட்டர் வெயில் சுடும் கூரைக்கு அடியில் கண்டியூட்டுக்குள் போனால், அந்த 5 மீட்டருக்கான திருத்தமே முழு கேபிளின் சைஸைத் தீர்மானிக்கும்.

வோல்டேஜ் டிராப்

மில்லிவோல்ட் முறை எளிது:

டிராப் = டேபிள் மில்லிவோல்ட் × ஆம்ப் × மீட்டர் ÷ 1000

பிரிட்டனின் பிஎஸ் 7671 ஸ்டாண்டர்டு டேபிளில் 70 டிகிரி பிவிசி காப்பருக்கு ஒரு ஆம்ப், ஒரு மீட்டருக்கான மில்லிவோல்ட் இது. சிங்கிள் ஃபேஸ்: 1.5-க்கு 29, 2.5-க்கு 18, 4-க்கு 11, 6-க்கு 7.3, 10-க்கு 4.4, 16-க்கு 2.8. மூன்று ஃபேஸ்: 25, 15, 9.5, 6.4, 3.8, 2.4. இங்கே பிரேக்கர் ரேட்டிங்கைப் போடக் கூடாது, லோடு கரன்ட்டைப் போட வேண்டும்.

10 ச.மிமீ: 3.8 × 28.3 × 85 ÷ 1000 = 9.14 வோல்ட், 400-ல் 2.3%.
16 ச.மிமீ: 2.4 × 28.3 × 85 ÷ 1000 = 5.77 வோல்ட், 1.4%.

இரண்டுமே தேறுகின்றன. பொது சப்ளையில் விளக்குக்கு 3%, மற்றவற்றுக்கு 5% என்பது ஐஇசி 60364-ன் பரிந்துரை. இந்த வரம்பு சப்ளை உள்ளே வரும் இடத்திலிருந்து கடைசி லோடு வரை மொத்தத்துக்கும் சேர்த்து. மெயின் கேபிளில் ஏற்கெனவே 2% போயிருந்தால் அதைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். "மேல்நிலை டிராப்" என்று ஒரு நெடுவரிசை போட்டுவிட்டால் மறக்காது.

டிராப்பில் அடிக்கடி வரும் தவறு நீளத்தை இரட்டிப்பது. மில்லிவோல்ட் டேபிளில் போகவர இரண்டு வழியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, ஒருவழி நீளம் மட்டும் போட்டால் போதும். ரெசிஸ்டன்ஸை வைத்துக் கணக்கிடும்போதுதான் சிங்கிள் ஃபேஸுக்கு 2, மூன்று ஃபேஸுக்கு 1.732 பெருக்க வேண்டும். இன்னொரு தவறு சதவீதத்தில் வரும்: மூன்று ஃபேஸ் டிராப்பை 230-ஆல் வகுத்துவிடுவது. 1.4% இருக்க வேண்டிய இடத்தில் 2.5% தெரியும், தேவையில்லாமல் பெரிய கேபிள் வாங்குவோம்.

இரண்டு சாஃப்ட்வேர் இரண்டு விடை தந்தால் உடனே ஒன்றைக் குறை சொல்ல வேண்டாம். ஐஇசி இணைப்பில் உள்ள ஃபார்முலா காப்பருக்கு 0.0225 என்ற ரெசிஸ்டிவிட்டியை எடுத்து, பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்கி, ரியாக்டன்ஸையும் (ஏசி கரன்ட்டுக்குக் கேபிளின் காந்தப்புலம் தரும் தடை) சிறிதளவு கூட்டும். அதே 16 ச.மிமீ கேபிளுக்கு அது 5.16 வோல்ட் தரும். மில்லிவோல்ட் முறை பவர் ஃபேக்டரைப் பார்க்காததால் 5.77 தருகிறது. இரண்டும் சரி, இரண்டாவது சற்றுப் பத்திரமானது. 25 ச.மிமீக்கு மேலே போகும்போது ரியாக்டன்ஸ் பொருட்படுத்தும் அளவுக்கு வரும். அங்கே அதற்கும் தனி நெடுவரிசை வேண்டும்.

மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆனால் சுமார் 6 மடங்கு கரன்ட் இழுக்கும். 5.77-ஐ 6-ஆல் பெருக்கினால் 34.6 வோல்ட், 8.7%. ஸ்டார்ட்டிங்கில் பவர் ஃபேக்டர் மிகக் குறைவாக இருப்பதால் இந்தச் சின்ன கேபிளில் உண்மையான டிராப் இதைவிடக் குறையும். ஆனாலும் கான்டாக்டர் (மோட்டாரை ஆன் செய்யும் மின்காந்த சுவிட்ச்) படபடக்கிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

எர்த் லூப்: சைஸை உண்மையில் முடிவுசெய்வது

நீளமான சர்க்யூட்டில் டிராப் தேறியும் எர்த் லூப்பில் விழுவது சகஜம். பல ஷீட்களில் இந்தப் பகுதியே இருக்காது.

பிரேக்கரின் மேக்னடிக் டிரிப் (பெரும் கரன்ட்டில் உடனே துண்டிப்பது) பி வகைக்கு 5 மடங்கு, சி வகைக்கு 10, டி வகைக்கு 20 மடங்கு கரன்ட்டுக்குள் நிச்சயம் நடக்கும். நம் மோட்டார் ஸ்டார்ட்டிங்கில் 170 ஆம்ப் வரை போகும். 32 ஆம்ப் சி வகை 160-லிருந்தே டிரிப் ஆகலாம். அதனால் டி வகை என்று வைப்போம். 20 × 32 = 640 ஆம்ப்.

அனுமதிக்கும் லூப் = 230 × 0.95 ÷ 640 = 0.341 ஓம்

0.95 என்பது சப்ளை வோல்டேஜ் குறைந்திருக்கும் நேரத்துக்கான கழிவு. போர்டில் அளந்த லூப் 0.10 ஓம் என்று கொள்வோம். காப்பரின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் மீட்டருக்கு 10 ச.மிமீயில் 1.83 மில்லிஓம், 16-ல் 1.15, 25-ல் 0.727. கேபிள் சூடாகி 70 டிகிரி வரும்போது 1.2 மடங்கு.

ஃபேஸ் 10, எர்த் 10: (1.83 + 1.83) × 85 × 1.2 ÷ 1000 = 0.373. போர்டு லூப்பைக் கூட்டும் முன்பே வரம்பைத் தாண்டிவிட்டது.
ஃபேஸ் 16, எர்த் 16: 0.235 + 0.10 = 0.335. தேறுகிறது, ஆனால் மயிரிழையில்.
ஃபேஸ் 16, எர்த் 10: 0.304 + 0.10 = 0.404. தேறாது.
ஃபேஸ் 25, எர்த் 16: 0.191 + 0.10 = 0.291. தாராளம்.

ரிலேயை வைத்து 10 ச.மிமீ தேறியதே, அது இங்கே அடிபட்டுவிட்டது. எர்த் ஒயரைக் குறைக்கலாமா என்றால் வெப்பத்தைத் தாங்கும் கணக்குப்படி தாராளமாகக் குறைக்கலாம். 0.335 ஓம் லூப்பில் பழுதுக் கரன்ட் 230 ÷ 0.335 = 687 ஆம்ப். அது 0.1 நொடி ஓடினால், 687 × √0.1 ÷ 115 = 1.9 ச.மிமீ போதும் (115 என்பது பிவிசி காப்பருக்கான எண்). ஆனால் குறைத்தால் லூப் ஏறிவிடும். ஷீட்டில் இந்த இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்து வைத்தால்தான் இந்த முரண் கண்ணுக்குத் தெரியும்.

0.341-க்கு 0.335 என்பது காகிதத்தில் மட்டும் தேறும் எண். ரூட் 3 மீட்டர் கூடினால் முடிந்தது. இந்த மாதிரி இடத்தில் 25 ச.மிமீக்குப் போகலாம். அல்லது மேக்னடிக் டிரிப் குறைவாக உள்ள மோட்டார் பிரேக்கர் போடலாம்: 13 மடங்கு என்றால் 416 ஆம்ப், அனுமதிக்கும் லூப் 0.525 ஓம் ஆகிவிடும், 16 ச.மிமீ நிம்மதியாக நிற்கும். பெரும்பாலும் இரண்டாவதே சிக்கனம். எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு வைப்பதும் வழிதான். ஷீட்டில் வரம்புக்கும் விடைக்கும் இடையே 10%-க்குக் குறைவாக இருந்தால் மஞ்சள் நிறம் வரும்படி செய்து வையுங்கள்.

சைட்டில் கேபிள் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் 0.295 ஓம் அருகில்தான் காட்டும். அதை 0.341-உடன் நேரடியாக ஒப்பிட்டுத் திருப்திப்படக் கூடாது.

மற்ற கணக்குகள், சுருக்கமாக

கண்டியூட் ஃபில்: ஒயரின் ச.மிமீ என்பது காப்பரின் பரப்பு மட்டும். நிரப்பளவுக்கு இன்சுலேஷனோடு சேர்ந்த வெளிவிட்டம் வேண்டும். வெளிவிட்டம் 4 மிமீ என்றால் ஒரு ஒயரின் பரப்பு 12.57, 9 ஒயருக்கு 113 ச.மிமீ. உள்விட்டம் 17 மிமீ கண்டியூட்டின் பரப்பு 227, ஆக 50% நிரம்பிவிடும். 22 மிமீ உள்விட்டத்தில் 30%. என்இசி மூன்றும் அதற்கு மேலும் ஒயர் போகும்போது 40% வரை அனுமதிக்கிறது. 2.5 × 9 என்று காப்பரை வைத்துப் போட்டால் 10% என்று வரும், இழுக்கும்போதுதான் உண்மை புரியும்.

கண்டியூட் வளைவு: ஆஃப்செட்டில் இரண்டு வளைவுக் குறிகளுக்கு இடையே உள்ள தூரம் = உயரம் ÷ சைன் கோணம். 30 டிகிரிக்கு 2 மடங்கு, 45-க்கு 1.414, 22.5-க்கு 2.6. ஷீட் கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்ளும். 30 என்று நேரடியாகப் போட்டால் −1.01 வரும். முதலில் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் கோணத்தைப் போடுங்கள்.

கெபாசிட்டர் (பவர் ஃபேக்டரை உயர்த்த): கிலோவாட் × (பழைய கோணத்தின் டேன் − புதிய கோணத்தின் டேன்). 100 கிலோவாட்டை 0.75-லிருந்து 0.95-க்குக் கொண்டுவர 55.3 கிலோவார். பவர் ஃபேக்டரிலிருந்து ஆர்க்காஸ், அதிலிருந்து டேன் என்று ஷீட்டே போவதால் இங்கே ரேடியன் தொல்லை இல்லை.

ஷார்ட் சர்க்யூட்: டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரன்ட்டை இம்பிடன்ஸ் சதவீதத்தால் வகுங்கள். 500 கேவிஏ, 400 வோல்ட், 4% என்றால் 722 ÷ 0.04 = 18 கிலோஆம்ப். அந்த டெர்மினலில் 10 கிலோஆம்ப் பிரேக்கர் கூடாது. கேபிள் நீளம் கூடக்கூட இது வேகமாகக் குறையும்.

விளக்கு: லக்ஸ் × பரப்பு ÷ (லூமன் × பயன்பாட்டுக் காரணி × பராமரிப்புக் காரணி). 12 × 8 மீட்டர் அறை, 500 லக்ஸ், 4000 லூமன் விளக்கு, 0.6, 0.8 என்றால் 25 விளக்கு. இது எண்ணிக்கையை மட்டும் சொல்லும். நிழலும் சீரான வெளிச்சமும் வேண்டுமென்றால் டயலக்ஸில் வைத்துப் பாருங்கள்.

கேபிள் அளவு எடுப்பது: மொத்த நீளத்தில் ஒரு சதவீதம் கூட்டுவதைவிட, ஒவ்வொரு சர்க்யூட்டின் இரு முனைக்கும் டெர்மினேஷன் நீளத்தைத் தனியாகக் கூட்டுவது துல்லியம். 85 மீட்டர் சர்க்யூட் இரண்டு இருந்தால், டிரம்மில் எஞ்சிய 60-ம் 110-ம் கூட்டினால் 170 மீட்டர் இருக்கிறதே என்று ஷீட் சொல்லும். ஆனால் ஜாயின்ட் இல்லாமல் ஒன்றுதான் போட முடியும். டிரம் வாரியாக வெட்டும் பட்டியலை வேறு ஷீட்டில் வையுங்கள்.

ஷீட்டைச் சோதிப்பது

புதிய ஷீட்டோ புதிய பேக்கேஜோ, சைட் வேலைக்கு எடுக்கும் முன் மேலே உள்ள மோட்டார் சர்க்யூட்டைப் போட்டுப் பாருங்கள். 28.3 ஆம்ப், 52.5 ஆம்ப், 16 ச.மிமீ, 5.77 அல்லது 5.16 வோல்ட், 0.335 ஓம் வர வேண்டும். பிறகு வரம்பில் நிற்கும் எண்களைக் கொடுங்கள்: தேவை சரியாக 50.0 என்றால் 10 ச.மிமீயும், 50.1 என்றால் 16-ம் வருகிறதா? டேபிளின் கடைசி எண்ணைத் தாண்டினால் பிழை காட்டுகிறதா, இல்லை கடைசி சைஸிலேயே நின்றுவிடுகிறதா? நீளத்தைக் காலியாக விட்டால் டிராப் 0 என்று காட்டி "சரி" சொல்கிறதா? இந்தக் கடைசிச் சோதனையில் விழாத ஷீட் அபூர்வம். நீளம் காலி என்றால் விடைக்குப் பதில் "நீளம் இல்லை" என்று காட்ட ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

வாடிக்கையாளருக்கோ இன்ஸ்பெக்டருக்கோ கொடுக்கும்போது விடையை மட்டும் அச்சடிக்காதீர்கள். உள்ளீடுகள், எடுத்த திருத்தக் காரணிகள், டேபிளின் பெயர், பதிப்பு, ஷீட்டின் திருத்த எண், தேதி எல்லாம் அதே பக்கத்தில் இருக்கட்டும். சைட்டில் ரூட் மாறி 85 மீட்டர் 97 ஆனால், எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே வேறொருவர் கண்டுபிடித்துவிடுவார்.